ஒரே தட்டு

மாமா டாங்கைத் தட்டியது ஒரே ஒரு தடவைதான். அது காலி டாங்க். மூங்கிலின் அடிமுனையால் தட்டினால் பெரிய மேளத்தை அடித்த மாதிரி சத்தம் வரும்; சாலையோரப் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கும். அன்று நடுப்பகலில், முல்பாகலைத் தாண்டி ஹைவேயிலிருந்து பிரியும் சாலையில், டிரெய்லரின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். முன்னால் இழுவை லாரியில் இருந்த டிரைவர் கேட்டார். ஜீப்பின் நிழலில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரும் கேட்டார். ஒரு தட்டு என்றால் நில் என்று அர்த்தம். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். இரண்டு என்றால் போகலாம். வண்டி போனது. இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த ஆளை இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன் என்றால் அச்சுக்கு மரியாதை கொடுத்துத்தான். மனதுக்குள் நான் அவரைக் கூப்பிடுவது வேறு மாதிரி.

மாமா என் அக்காவின் கணவர். எங்கள் இரண்டு குடும்பமும் சாம்பியன் ரீப்ஸில் அடுத்தடுத்த லைன் வீடுகளில் இருந்தவை. எங்கள் அப்பாக்கள் ஒரே ஷிஃப்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். சுரங்கம் மூடியபிறகு எங்கள் தலைமுறைக்கு என்ன வேலை கிடைத்ததோ அதைச் செய்தோம். மாமாவும் நானும் போய்ச் சேர்ந்தது சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரிய பெரிய டாங்குகளை உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகும் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில். லாரியில் அடங்காத சரக்கு அது. வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த நீள டிரெய்லரில், இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, மனிதன் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் குறுக்கே வருகிற கம்பிகளுக்காக டாங்கின் முதுகில் ஒரு பலகையைக் கட்டி, கவை வைத்த காய்ந்த மூங்கிலோடு ஒரு ஆளை உட்கார வைப்பார்கள். டெலிபோன் கம்பி, கேபிள், வீட்டுக்குப் போகிற ஒயர், இதையெல்லாம் அவர்தான் தூக்கிவிட்டு டாங்கை நுழைய விடுவார். பெரிய மின்கம்பி வந்தால் தூக்குகிற பேச்சே கிடையாது. மின்சார இலாகாவிடம் சொல்லி கரண்டை நிறுத்தி, ‘லைன் க்ளியர்’ என்று எழுதி வாங்கிய பிறகுதான் நகர வேண்டும். மேலே உட்கார்கிற அந்த வேலை மாமாவுடையது.

கீழே இருக்கிற டிரைவருக்கு மேலே நடப்பது தெரியாது. அதற்காக மாமா ஏற்படுத்தியதுதான் தட்டுகிற ஏற்பாடு. கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது, ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி அடித்தால், அது எந்த லெவலில் இருந்தாலும், அடித்தது யாராக இருந்தாலும், மேலே எஞ்சின் ஓட்டுகிறவர் நிறுத்தியே ஆக வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் நிறுத்திய பிறகு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். மாமா அதையே டாங்குக்கு மாற்றிக்கொண்டார். ஒன்று தட்டினால் சூப்பர்வைசர் நீளமாக ஒரு விசில் ஊதுவார், வண்டி நிற்கும். இரண்டு தட்டினால் இரண்டு விசில், வண்டி போகும். சூப்பர்வைசர் வெளியூர்க்காரர் என்றால் கூட நான் கொஞ்சம் தணிந்து பேசியிருப்பேன். அவர் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஊரிகத்துக்காரர். அவருடைய அப்பா அந்தக் கேஜை இழுக்கிற எஞ்சினை ஓட்டியவர். ஒரு மணிக்கு என்ன அர்த்தம் என்று தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த ஆள்.

மாமா குடிக்கமாட்டார். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பங்கள் சுரங்கக் காலத்திலேயே புத்த மதத்துக்கு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை விகாரையில் ஐந்து சீலங்களைச் சொல்வோம். நான்காவது, பொய் பேசமாட்டேன் என்பது. ஐந்தாவது, போதை தருவதைத் தொடமாட்டேன் என்பது. எல்லோரும் சொல்வார்கள்; சிலர் சொல்லிவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் தொண்டையை நனைத்துக்கொள்வார்கள். மாமா சொன்னதைச் செய்கிற ரகம். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. எங்கள் கம்பெனிக்கு அதிகமாக வந்ததே பீர் தொழிற்சாலைக்குப் போகிற டாங்குகள்தான். ஏணியில் ஏறும்போதெல்லாம், “பீர் டாங்க் மேல உக்காந்து ஊரைச் சுத்தியும் ஒரு சொட்டு வாயில படாத ஒரே ஆளு நாந்தான், போட்டோ எடுத்து வெச்சுக்கங்க” என்பார். பிறகு மூங்கிலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துளி ஈரம் தெரிந்தாலும் வேறு மூங்கில் கேட்பார்.

அந்தக் கடைசி டாங்குக்கு வழி பார்த்து அளவெடுத்தவர் சூப்பர்வைசர். மார்கழி மாதம், காலைப் பனியில், ஜீப்பில் போய் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே அளவுகோலைப் பிடித்துக் குறித்துக்கொண்டு வந்தார். கப்பல் தாமதமாகி டாங்க் வந்து சேர்ந்தது சித்திரையில். மின்கம்பி குளிரில் விறைத்து நிற்கும், வெயிலில் தொய்யும். மார்கழிக் காலையில் நின்ற உயரத்தில் சித்திரை உச்சிவெயிலில் நிற்காது. இந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவனுக்கும் தெரிந்த விஷயம்தான். மறுபடி ஒரு தடவை போய் அளந்திருந்தால் போதும். அவர் போகவில்லை. பழைய காகிதத்திலேயே தேதியை மாற்றினார். அந்தச் சாலையை மறித்துக்கொண்டு போக போலீஸ் கொடுத்த நேரம் பகல் ஒரு மணியோடு முடிகிறது. கரண்டை நிறுத்த ஆள் போயிருக்கிறான், இன்னும் தகவல் வரவில்லை. “அளவு கரெக்டா இருக்கு, கீழ தாராளமா போவும்” என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். மாமா மேலே இருந்து கம்பியைப் பார்த்தார். தட்டினார். இரண்டு விசில் வந்தது. வண்டி நகர்ந்ததும் மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். என்னடா இது என்று கேட்கிற முகம். மறுபடி தட்ட அவருக்கு நேரம் இல்லை. ஒரு வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

அன்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தவரும் அதே சூப்பர்வைசர்தான். கன்னடத்தில் கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். “விபத்து நடந்துச்சுன்னுதான் எழுதியிருக்குது. கையெழுத்து போட்டாதான் பாடியைத் தருவாங்க. அக்கா காத்துட்டிருக்கும்ல” என்றார். நான் கன்னடம் தண்ணி மாதிரி பேசுவேன், படிக்கத் தெரியாது. பஸ் போர்டைத் தாண்டி ஒரு எழுத்தும் கற்றதில்லை. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே ஐந்து பேர் நின்றார்கள். கேட்கவில்லை. போட்டேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: இறந்தவர் குடித்திருந்தார், யாரும் சொல்லாமல் தானாக டாங்க் மேல் ஏறினார், எழுந்து நின்று கம்பியைப் பிடித்தார். கண்ணால் பார்த்த சாட்சி, மைத்துனன். அடியில் என் கையெழுத்து.

சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. பீர் டாங்க் என்ற வார்த்தை வேறு வசதியாகப் போயிற்று. டாங்குக்குள் ஒரு பொட்டு பீர் கிடையாது, கப்பலிலிருந்து இறங்கிய புது இரும்பு என்று யாரிடம் போய் விளக்குவது? “மேலே உக்காந்து உறிஞ்சிட்டே வந்திருப்பான்” என்று டீக்கடையில் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். விகாரையில் அக்கா உட்கார்ந்தால் ஐந்தாவது சீலம் வரும்போது இரண்டு தலை அவள் பக்கம் திரும்பும். மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு விகாரைக்குப் போவதை நிறுத்தினாள். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்து, விடியற்காலை ட்ரெயினில் போய்ச் சாயங்கால ட்ரெயினில் திரும்புகிறவளானாள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குச் சொன்னதே அவள்தான். எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போகவில்லை. ரோஷம் கெட்டவன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். அந்த ஆள் கண்ணெதிரில் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். கன்னட எழுத்தை ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டேன். அந்தத் தாளின் நகலை வாங்கி, எழுத்துக் கூட்டி, நானே படித்தேன். மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி படிப்பேன், கோபம் ஆறிவிடக் கூடாதே என்று. அவர் மேனேஜர் ஆனார், பெங்களூரில் வீடு கட்டிக் குடியேறினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் “நம்ம பையன்” என்று அடுத்தவர்களிடம் சொல்வார். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே அவருக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். வழி அளக்கக் கற்றேன், பர்மிட் வாங்கக் கற்றேன், எட்டாவது வருஷம் சரக்கோடு போகிற மொத்தக் குழுவுக்கும் பொறுப்பாளன் ஆனேன். விசில் என் கழுத்துக்கு வந்தது.

போன சித்திரையில் அதே தொழிற்சாலைக்கு இன்னொரு டாங்க் வந்தது. அதே சாலை, அதே கம்பி. வாங்குகிற தொழிற்சாலையின் பெரிய ஆட்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள் என்பதால் மேனேஜரும் வழியில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்லப் போவதில்லை. லைன் க்ளியர் வாங்காமல் விட்டு அந்த ஆளை மேலே ஏற்றினால் என்ன என்று கூட யோசித்தேன். பிறகு முறைப்படி எழுதிக் கொடுத்து, கரண்டை நிறுத்தி, காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கம்பிக்கு நூறு அடி முன்பாக வண்டியை நிறுத்தினேன். மேலே இருந்த ஆளைக் கீழே இறங்கச் சொன்னேன். ஏணியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன்.

ஜீப்பிலிருந்து அவர் வேகமாக இறங்கி வந்தார். “இன்னாப்பா, ஏன் நிறுத்திட்டே? பார்ட்டிங்க வெயில்ல நிக்கறாங்க.”

“கம்பி தாழ்வா தெரியுது சார். நீங்க ஒரு தடவை மேல ஏறிப் பார்த்துச் சொல்லிடுங்க.”

“மேல போற ஆளு எங்க?”

“இறக்கிட்டேன் சார். இந்த இடம் உங்களுக்குத்தான் நல்லா தெரியும்.”

அவர் ஏணியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். எந்த இடம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. “லைன் க்ளியர் வந்துச்சா?”

“அன்னைக்கு வந்துச்சா சார்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. கரண்டு நின்னுச்சா இல்லையா?”

“ஏறிப் பாருங்க சார். ஒரு தட்டு தட்டுங்க போதும். நான் நிறுத்துவேன்.”

சுற்றிலும் எங்கள் ஆட்கள் பதினைந்து பேர் நின்றார்கள். தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு பேரும் ஜீப்பை விட்டு இறங்கிவிட்டார்கள். அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. பயம் வந்தால் சத்தம் கூடுகிற ரகம் அவர். “பைத்தியமா உனக்கு? கரண்டு இருக்கிற லைனுக்குக் கீழ எவனாவது ஆளை ஏத்துவானா? ஏத்தினா கொலைடா அது” என்று கத்தினார்.

இழுவை லாரியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாமா இறந்த அன்று ஓட்டிய அதே டிரைவர்தான் இப்போதும் ஓட்டினார், வயசு அறுபதை நெருங்குகிறவர். எட்டு வருஷமாக இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், அதற்காகவே நான் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “நானும் அப்டித்தான் சார் நெனைச்சுக்கினு இருக்கேன். ஒரே தட்டு. என் காதால கேட்டேன். நீங்க ரெண்டு ஊதினீங்க, நான் எடுத்தேன்” என்றார்.

நான் காகிதத்தை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். கரண்டு நின்று அரை மணி ஆகியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. அதை மறைக்க மாட்டேன். “இன்னா வேணும் உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மாமா குடிச்சிருந்தாரா சார்?”

“இல்ல.”

“எல்லாருக்கும் கேக்கணும் சார்.”

“குடிக்கல. அவன் குடிக்கல. போதுமா?”

இரண்டு விசில் ஊதினேன். மேலே ஆள் இல்லாமலே டாங்க் அந்தக் கம்பிக்குக் கீழே மெல்ல நுழைந்து போனது. மேலே போக வேண்டிய ஆள் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு என் கூடவே நடந்து வந்தார். கம்பிக்கும் டாங்குக்கும் இடைவெளி ஒரு முழம்கூட இல்லை.

டாங்கைச் சேர்த்துவிட்டு, மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், சாம்பியன் ஸ்டேஷனில் போய் அக்காவின் ட்ரெயினுக்காக நின்றேன். வேலைக்குப் போய் வருகிற கூட்டம் இறங்கி முடிந்தபிறகு கடைசியாக அவள் வந்தாள். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, கம்பி, அந்த ஆளின் வியர்வை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. எட்டு வருஷமாக இந்த ஒரு சாயங்காலத்துக்குத்தானே காத்திருந்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், குறைந்தபட்சம் என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். லைன் வீட்டு முனைக்கு வந்ததும் அவள் நின்றாள்.

“ரோட்டுல சொன்னான், சரி” என்றாள். “அங்க லாரிக்காரங்க கேட்டாங்க. ஆண்டர்சன்பேட்டையில யாரு கேட்டாங்க? எம் பின்னாடி சிரிச்சவங்க யாரு கேட்டாங்க?”

“அந்த ஆளு வாயாலயே ஒத்துக்கினான்க்கா.”

“அவன் எழுதினத அவன் ஒத்துக்கினான். கீழ கையெழுத்து யாருது?”

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் தெருவிலேயே நின்றேன். எட்டு வருஷம் அந்த ஆள் மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்கு என்னுடையது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை வேண்டுமென்றே அந்த ஆள் பக்கம் தள்ளிவிட்டு ஒருத்தனை மட்டும் வெறுத்தேன். ஒருத்தனை வெறுப்பது எளிது, அதிலும் அவன் சட்டை என்னுடையதைவிட வெளுப்பாக இருந்தால்.

மறுநாள் காலை விகாரைக்குப் போனேன். அக்காவும் வந்தாள், எட்டு வருஷத்துக்குப் பிறகு, வெள்ளைப் புடவையில், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். சீலங்களைச் சொன்னோம். நான்காவதை மட்டும் நான் சொல்லாமல் விட்டேன். முடிந்ததும் எழுந்து நின்று, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். “எங்க மாமா குடிச்சிட்டு செத்தாருன்னு இங்க இருக்கிற எல்லாரும் கேள்விப்பட்டிருக்கீங்க. அப்டி எழுதின தாள்ல கையெழுத்து போட்டவன் நான். படிக்காம போட்டேன், தெரிஞ்சப்புறமும் வாய மூடிக்கினு இருந்தேன். ஊரே பேசறப்போ நான் மட்டும் பொய்யனா தெரியக் கூடாதுன்னு இருந்தேன். மாமா அஞ்சாவத ஒரு நாளும் உடைக்கல. நாந்தான் எட்டு வருஷமா நாலாவத உடைச்சுக்கினு இருக்கேன்.” ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீக்கடையில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள், அவர்களை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வெளியே வந்து அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டாள். இப்போதாவது ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று பக்கத்தில் நின்றேன். “நீ சொல்லிட்ட. இன்னும் ஒரு ஆளு பாக்கி” என்றாள். “போய்க் கூட்டிட்டு வா.”

திங்கட்கிழமை விடியற்காலை ட்ரெயினில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம், அவள் வேலைக்கு, நான் மேனேஜர் வீட்டுக்கு. கதவைத் திறந்தவர் அவரேதான். பனியனோடு நின்றார். மரியாதைக்குக் கூட உள்ளே வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அக்கா விகாரைக்குக் கூப்பிடுகிறாள், எல்லோருக்கும் முன்னால் நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன். உள்ளே யாரோ யாருங்க என்று கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு படிக்கு வந்தார்.

“நான் வந்து சொல்லிட்டா உங்கக்கா மன்னிச்சிடுமா?” என்று கேட்டார்.

“மாட்டாங்க சார்” என்றேன். “சொல்றதுக்கு மட்டும் வாங்க.”